மீனில் புழு இருந்தால் கடல் கெட்டுவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி இதுதான்: சந்தையில் வாங்கிய பாறை மீனை வீட்டில் ஆய்ந்தபோது ஈரல்மேல் வெள்ளையாகச் சுருண்டு நாலைந்து புழுக்கள் கிடந்தன. "கடலே சாக்கடையாயிடுச்சு, அதான் மீனெல்லாம் புழு" என்றார்கள் வீட்டில். மீன் ஒட்டுண்ணிகளை வைத்துக் கடல் மாசைக் கண்டுபிடிக்கிறார்கள் என்றும் எங்கோ படித்த நினைவு. அப்படியானால் புழு இல்லாத மீன்தான் சுத்தமான கடலின் மீனா?

பெரும்பாலும் நேர்மாறு. நீங்கள் பார்த்தது கொசுவத்திச் சுருள்போலத் தட்டையாகச் சுருண்டிருந்தது என்றால், அது அநேகமாக அனிசாகிஸ் குடும்பத்து உருளைப்புழுவின் இளம் பருவம். அது அந்த ஈரல்வரை வந்து சேர்ந்த வழியைக் கொஞ்சம் பாருங்கள். திமிங்கிலமோ ஓங்கிலோ (டால்பின்) போடும் சாணத்தோடு முட்டை கடலில் விழுகிறது. பொரிந்து வரும் புழுவைக் கூனி மாதிரியான பொடி உயிர் தின்கிறது. கூனியைச் சின்ன மீனோ கணவாயோ தின்கிறது, அதைப் பாறை மீன் தின்கிறது. கடைசியில் அந்த மீனை ஒரு ஓங்கில் விழுங்கினால்தான் புழு முழு வளர்ச்சி பெற்று முட்டையிடும். உங்கள் வீட்டு அரிவாள்மனைக்கு வந்தது பாதி வழியில் நின்றுபோன பயணம். கூனி, சின்ன மீன், பெரிய மீன், ஓங்கில் என்று இத்தனை பேரும் ஒரே கடலில் இருந்தால்தான் இந்தப் புழுவே இருக்கும். சாக்கடையில் இவ்வளவு பேர் குடித்தனம் நடத்த மாட்டார்கள்.

அனிசாகிஸைப் பற்றி 2020-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, உலகெங்கும் ஏற்கெனவே வெளியான எண்ணிக்கைகளைக் கூட்டிப் பார்த்து, 1978-க்கும் 2015-க்கும் இடையில் அது 283 மடங்கு கூடியிருப்பதாகச் சொன்னது. ஏன் என்பதற்கு அவர்கள் சொன்ன சாத்தியங்களில் ஒன்று, வேட்டைத் தடைக்குப் பிறகு திமிங்கிலங்களும் மற்றக் கடல் பாலூட்டிகளும் மெல்லத் திரும்பி வருவது. கடல் சூடாவதும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். எப்படியும், புழு கூடினால் கடல் கெட்டது என்ற நேர்க்கோட்டுக் கணக்கு இங்கே செல்லாது.

சரி, அப்புறம் எப்படி ஒட்டுண்ணியை வைத்து மாசைக் கண்டுபிடிக்கிறார்கள்? எந்த ஒட்டுண்ணி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மீனின் ஒட்டுண்ணிகளில் இரண்டு சாதி உண்டு. ஒரு சாதி, வீட்டுக்கு எதிரிலேயே வேலை கிடைத்த ஆள் மாதிரி. ஒரே மீன் போதும். அதன் தோலிலோ செவுளிலோ உட்கார்ந்து, அங்கேயே பெருகி, பக்கத்து மீனுக்குத் தாவும். இன்னொன்று மூன்று பஸ் மாறி ஊர் போகிற ஆள். நத்தையில் கொஞ்ச நாள், பிறகு சின்ன மீனிலோ நண்டிலோ, பிறகு பெரிய மீனிலோ பறவையிலோ. இதில் ஒரு பஸ் வரவில்லையென்றால் ஊர் போய்ச் சேர முடியாது.

மாசு முதலில் கை வைப்பது இந்த இரண்டாவது சாதியில். கழிவுநீரில் நத்தை செத்தால், நத்தையை நம்பியிருந்த தட்டைப்புழுக்கள் அத்தனையும் போச்சு. நத்தை பிழைத்தாலும் ஆபத்து தீராது. நத்தையிலிருந்து வெளியேறி அடுத்த ஓம்புயிரியை, அதாவது தங்கி வாழ இடம்தரும் உயிரை, தேடி நீந்தும் வால்முளைத்த குட்டிப் புழுவுக்குச் சாப்பிடும் வழக்கமே கிடையாது. உடம்பில் கட்டுச்சோறாக வைத்திருக்கும் கிளைக்கோஜன் தீர்வதற்குள், ஏறக்குறைய ஒரு நாளுக்குள், போய்ச் சேர வேண்டும். தண்ணீரில் செம்போ துத்தநாகமோ கூடினால் அந்த ஒரு நாளும் சுருங்கிவிடும். பெரிய மீன் தாங்கிக்கொள்ளும் அளவு விஷம்கூட இந்தக் கட்டத்தை அறுத்துவிடும். அதனால் மீன்கள் செத்து மிதப்பதற்கு வெகு முன்னாலேயே குடல் புழுக்களில்லாமல் காலியாகத் தொடங்குகிறது.

முதல் சாதிக்கு அதே மாசு கொண்டாட்டம். டிரைக்கோடினா என்று ஓர் ஒற்றைச் செல் உயிரி இருக்கிறது. நான் ஒட்டுண்ணி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் மிகவும் ரசித்துப் பார்த்தது அதைத்தான். அப்போதுதான் இறந்த மீனின் செவுளைக் கண்ணாடித் தகட்டில் லேசாக வழித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நுண்ணோக்கியில் வைத்தால், சின்னச் சாசர் ஒன்று சுற்றிக்கொண்டே ஓடும். அதன் அடியில் வட்டமாகப் பற்கள், தேங்காய்த் துருவியின் தலையைக் கவிழ்த்துப் பார்த்ததுபோல. ஐஸ் போட்ட மீனில் இதைப் பார்க்கவே முடியாது. மீன் செத்த கொஞ்ச நேரத்திலேயே இதுவும் உருத்தெரியாமல் போய்விடும். அதனால் படகு கரை சேரும் நேரத்துக்கே போய் நிற்போம். மீன் ஆய்ந்து கொடுக்கும் அக்காக்களிடம் குடலைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைக்கச் சொல்வோம். "நாங்களும் மீன் ஆயுறோம், நீங்களும் ஆயுறீங்க, உங்களுக்கு மட்டும் மாசச் சம்பளம்" என்று ஒருவர் சிரித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இந்த டிரைக்கோடினா மீனின் ரத்தத்தைக் குடிப்பதில்லை. தோலிலும் தண்ணீரிலும் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதன் சாப்பாடு. சாக்கடைத் தண்ணீர் கலந்தால் பாக்டீரியா பெருகும், அதைத் தின்று இது பெருகும். எண்ணெய்க் கழிவோ ரசாயனமோ என்றால் வழி வேறு: செவுளின் வழுவழுப்புப் படலம் கெடுகிறது, மீனின் எதிர்ப்பாற்றல் தளர்கிறது, வெளியில் ஒட்டியிருப்பவை அடக்க ஆளில்லாமல் கூடுகின்றன. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஆர். ஏ. கான் என்ற ஆய்வாளர் 1980-களில் காட் மீன்களைக் கச்சா எண்ணெய் கலந்த நீரில் வைத்துப் பார்த்தார். செவுளில் வெளி ஒட்டுண்ணிகள் கூடின. குடலில் இருந்த முள்தலைப் புழுக்கள் குறைந்தன. ஒரே மீனில், ஒரே எண்ணெயால், வெளியே ஏற்றமும் உள்ளே இறக்கமும்! இந்த இரண்டையும் சேர்த்து எண்ணினால்தான் ஏதாவது சொல்ல முடியும். செவுளை மட்டும் பார்த்தவர் ஒன்று சொல்வார், குடலை மட்டும் பார்த்தவர் அதற்கு எதிராகச் சொல்வார்.

அந்த விகிதத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. செங்கடலின் வடகோடியில் இஸ்ரேலின் ஏலாத் கரையோரம் நம் ஓராவின் இனத்தைச் சேர்ந்த ஒரு மீனைப் பிடித்துப் பார்த்தார்கள். ஓரா பாசி மேயும் மீன், அதிக தூரம் அலையாது, எல்லா இடத்திலும் கிடைக்கும் என்பதால் நல்ல தேர்வு. பவளப் பாறையோரம் பிடித்த மீன்களோடு ஒப்பிட்டால், மனிதர் கை பட்டுக் கெட்ட இடங்களில் பல ஓம்புயிரி தேவைப்படும் குடல் புழுக்கள் குறைந்திருந்தன. இந்தோனேசியாவில் ஹாரி பாம் குழுவினர் இதையே கலவா மீனில் செய்தார்கள். ஜாவாவின் தென்கரையில் உள்ள செகாரா அனாகான் காயல் அவர்கள் பார்த்த இடங்களில் ஒன்று. டிரைக்கோடினா எத்தனை மீனில் இருக்கிறது, வெளி ஒட்டுண்ணிக்கும் உள் ஒட்டுண்ணிக்கும் என்ன விகிதம் என்பது போன்ற பல கணக்குகளை ஒரே நட்சத்திரப் படத்தில் வரைந்து 2009-இல் வெளியிட்டார்கள். படத்தைப் பார்த்தாலே இடத்தின் நிலை ஓரளவு பிடிபடும். நம் கரையில் செய்ய நினைப்பவர்களுக்கு இந்த முறை ரொம்பப் பொருத்தம் என்பது என் எண்ணம். கலவா நம்மிடமும் உண்டு, பெரிய கருவி எதுவும் வேண்டாம், பொறுமையும் நல்ல நுண்ணோக்கியும் போதும்.

கெட்ட இடம் தேறுகிறதா என்று பார்க்கவும் இதே புழுக்கள் உதவும். கலிபோர்னியாவில் கார்ப்பின்டீரியா என்ற உப்புச் சதுப்பு நிலம் இருக்கிறது. அதன் சீர்கெட்ட பகுதிகளை மீட்டெடுத்தபோது ஹஸ்பெனியும் லாஃபர்ட்டியும் மீனைக்கூடப் பிடிக்கவில்லை. சேற்றில் கிடக்கும் கொம்பு நத்தைகளை உடைத்து உள்ளே இருக்கும் தட்டைப்புழுக்களை எண்ணினார்கள். மீட்பு வேலைக்கு முன் அந்தப் பகுதிகளில் புழு குறைவு. ஆறு ஆண்டுகளில் அது ஏறக்குறைய நான்கு மடங்கானது. காரணம் பறவைகள். இடம் சரியானதும் பறவை வந்தது, பறவை எச்சமிட்டது, எச்சத்தில் இருந்த முட்டை நத்தைக்குப் போனது. பறவைகளை நாள் முழுக்கத் தொலைநோக்கியில் எண்ணுவதைவிட நத்தையை உடைப்பது சுலபம். வந்துபோன பறவையின் கையெழுத்து நத்தைக்குள் மாதக்கணக்கில் இருக்கும்.

இதுவரை சொன்னது எண்ணிக்கைக் கணக்கு. இரண்டாவது வழி முற்றிலும் வேறு, எனக்கு இதுதான் ஆச்சரியமானது: புழுவையே எடுத்துக் கரைத்து, அதில் எவ்வளவு ஈயம், காட்மியம் இருக்கிறது என்று அளப்பது.

முள்தலைப் புழுவை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். குடலைக் கிழித்தால் உள்சுவரில் சோற்றுப் பருக்கை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். இழுத்தால் வராது. தலை முழுக்கப் பின்பக்கம் வளைந்த கொக்கிகள். வேட்டியில் ஒட்டிய நாயுருவி விதைபோலப் பிடித்துக்கொள்ளும். கழற்றிய பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டு விடும். இன்ன இனம் என்று சொல்ல அந்தக் கொக்கிகளை எண்ணியாக வேண்டும் என்பதால், சாதாரணத் தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைப்போம். காலையில் தண்ணீர் ஊறி, உப்பிய உடம்போடு தலையை முழுசாக நீட்டியிருக்கும். ஃப்ரிட்ஜில் சாப்பாடு வைக்காதே என்று ஆய்வுக்கூடங்களில் ஏன் எழுதி ஒட்டியிருக்கிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும்.

இந்தப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. மீனின் குடலுக்குள் செரித்துக் கிடப்பதைத் தோல்வழியாகவே உறிஞ்சும். தண்ணீரில் உள்ள ஈயம் செவுள் வழியாக மீனின் ரத்தத்துக்குப் போய், கல்லீரலில் வடிகட்டப்பட்டு, பித்தநீரோடு சேர்ந்து குடலுக்கு வருகிறது. வழக்கமாகக் குடல் அந்தப் பித்தத்தில் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், ஈயமும் கூடவே திரும்பிப் போகும். ஆனால் வழியில் இந்தப் புழு உட்கார்ந்திருக்கிறது. கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்ளத் தெரியாத புழு என்பதால் பித்தத்துக்கு அலைகிறது. பித்தத்தை எடுக்கும்போது அதில் கட்டுண்ட ஈயமும் உள்ளே போகிறது.

ஜெர்மனியில் பெர்ன்ட் சூரஸும் உடன் இருந்தவர்களும் ரூர் ஆற்றில் சப் என்ற கெண்டை இன மீனைப் பிடித்து 1994-இல் வெளியிட்ட அளவு இது: புழுவில் இருந்த ஈயம் மீனின் சதையில் இருந்ததைவிட 2,700 மடங்கு, ஆற்றுத் தண்ணீரில் இருந்ததைவிட 11,000 மடங்கு. ரூர் நன்னீர்தான். ஆனால் கடலிலும் கதை இதேதான். பாரசீக வளைகுடாவில் ஒரு சுறா வகையின் நாடாப்புழுக்களில் சுறாவின் உடலைவிடப் பல மடங்கு உலோகம் இருந்தது. அண்டார்டிகாவில் கிங் ஜார்ஜ் தீவருகே பிடித்த மீனிலும் முள்தலைப் புழு ஈயத்தையும் காட்மியத்தையும் சேர்த்து வைத்திருந்தது. பூமியின் கடைக்கோடியில், தொழிற்சாலை வாடையே இல்லாத தண்ணீரில், கருவிக்கு எட்டாத அளவுகளை எட்ட வைக்கிறது இந்தப் பருக்கை அளவுப் புழு.

தண்ணீரையே அளந்தால் என்ன என்று கேட்பீர்கள். ஆலை ராத்திரியில் கழிவைத் திறந்துவிட்டு, நீங்கள் காலையில் பாட்டிலோடு போனால், அலை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருக்கும். மீனின் ஈரலும் சிறுநீரகமும் ஆண்டுக்கணக்கில் சேர்த்ததைக் காட்டும். எப்போது சேர்ந்தது என்று சொல்லாது. குடல் புழு நடுவில் நிற்கிறது. அதன் ஆயுள் குறைவு, சில வாரங்களிலேயே சுற்றுப்புறத்துக்கு ஈடாகச் சேர்த்துவிடும், அதனால் சமீபத்தில் நடந்ததைச் சொல்லும். எல்லாப் புழுவும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். உருளைப்புழுக்களுக்குச் சொந்தக் குடல் இருக்கிறது. அவை பொதுவாக இந்த அளவுக்கு உலோகம் சேர்ப்பதில்லை. அப்புறம், புழுவை எஃகுக் கத்தரியால் வெட்டிவிட்டு நிக்கல் அதிகம், குரோமியம் அதிகம் என்று எழுதினால் அது கடலின் நிக்கலா கத்தரியின் நிக்கலா என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். புழு உள்ள சப் மீனின் குடல் சுவரில், புழு இல்லாத மீனைவிட ஈயம் குறைவாக இருந்தது. புழு பங்கு எடுத்துக்கொள்வதால் மீனுக்குக் கொஞ்சம் மிச்சம். அதனால் மீனின் உறுப்பை அளக்கும் மாசு ஆய்வுகளில் இந்த மீனுக்குப் புழு இருந்ததா என்று குறித்துக்கொள்ளாவிட்டால் கணக்கு தவறும்.

இனி, இந்த முறை எங்கே காலை வாரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். என் கதையையே சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் ஓர் ஆற்றுக் கழிமுகத்தில் மாதாமாதம் மடவை மீன் எடுத்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஐப்பசி கார்த்திகையில் குடல் தட்டைப்புழுக்கள் திடீரென்று காணோம். மேலே ஒரு தொழிற்பேட்டை இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று ஓடிப்போய் வழிகாட்டியிடம் வரைபடத்தைக் காட்டினேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவேயில்லை. "உப்பு எவ்வளவுடா பார்த்தே?" என்றார். வடகிழக்குப் பருவமழை ஆற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, ஆயிரத்துக்கு முப்பதுக்குமேல் இருந்த உப்பு ஐந்துக்கும் கீழே போயிருந்தது. உவர்நீர் நத்தைக்கும் புழுவுக்கும் அதுவே போதும். மாசிக்குள் எல்லாம் திரும்பி வந்தன. வழக்கமான பருவ ஏற்ற இறக்கம் தெரியாமல் ஒரு மாதத்துக் குடலை வைத்துத் தீர்ப்பு எழுதினால் இப்படித்தான் ஆகும். மீனின் வயது, தீனி, எவ்வளவு தூரம் அலைகிறது என்பதெல்லாம் இதோடு சேரும். வஞ்சிரம் மாதிரி ஓடித் திரியும் மீனின் புழு எந்தக் கடலைப் பற்றிப் பேசுகிறது என்றே தெரியாது.

இதைவிடப் பெரிய குழப்பம் 2023-இல் வந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செல்சி வுட் குழுவினர் அருங்காட்சியகத்தில் போத்தல்களில் ஊறிக்கிடந்த பழைய மீன்களைத் திறந்தார்கள். பியூஜெட் சவுண்ட் கடற்கழியில் 1880 முதல் 2019 வரை பிடிக்கப்பட்டவை: 8 இனங்கள், 699 மீன்கள், எண்ணியதில் 17,259 ஒட்டுண்ணிகள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஓம்புயிரி தேவைப்படும் ஒட்டுண்ணிகள் பத்தாண்டுக்குச் சராசரி 11 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே வந்திருந்தன. மேலே சொன்ன மூன்று பஸ் கணக்கு அப்படியே. பார்த்தவுடன் மாசு என்றுதான் தோன்றும். அவர்கள் மூன்று காரணங்களைச் சோதித்தார்கள்: ஓம்புயிரி மீன்களின் எண்ணிக்கை, மாசு, கடல் வெப்பம். பொருந்தியது வெப்பம் மட்டும். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் இந்த வகை ஒட்டுண்ணிகள் 38 சதவீதம் குறைந்தன. ஆக, காலியான குடல் ஏதோ ஒரு கண்ணி அறுந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்லும். அறுத்தது கழிவா, வெயிலா, மழையா, மீன்பிடியா என்பதற்குப் பக்கத்தில் கெடாத இடம் ஒன்றை வைத்து ஒப்பிட வேண்டும், உலோகமும் உப்பும் அளக்க வேண்டும், ஒரு தடவைக்கு முப்பது மீனாவது பார்க்க வேண்டும்.

உங்கள் பாறைக்கு வருவோம். ஒரு மீனின் நாலு புழு கடல் கெட்டதற்கும் சாட்சி இல்லை, சுத்தத்துக்கும் சான்றிதழ் இல்லை. குடலையும் ஈரலையும் சீக்கிரம் எடுத்துப் போட்டுவிடுங்கள். மீன் செத்து நேரமானால் சில புழுக்கள் சதைக்குள் நகரும். நன்றாகக் கொதித்த குழம்பில் இவை பிழைக்காது. பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிடுகிறவர்களுக்குத்தான் வயிற்று வலி, வாந்தி என்று தொல்லை. அனிசாகிஸுக்கு ஒவ்வாமை உள்ள சிலருக்கு மட்டும் வெந்த மீனிலும் தடிப்பு வரலாம். வீட்டில் யாருக்காவது மீன் தின்றால் உடம்பு தடிக்கும் என்றால் மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். ஈயம் பற்றிய பயம் என்றால், அது அதிகம் தேங்கும் இடம் ஈரல், சிறுநீரகம், எலும்பு, முள்தலைப் புழு இருந்தால் அந்தப் புழு. நீங்கள் சாப்பிடும் சதையில் ரொம்பக் குறைவு.

அடுத்த முறை செவுளுக்குள் கரப்பான் குஞ்சு மாதிரி ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தால் பதற வேண்டாம். அது மீனைப் பிடித்துக்கொண்டு வாழும் ஓட்டுடலி, இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். பிடுங்கிப் போட்டுவிட்டு மீனைக் கழுவுங்கள்.